எண்ணெயின் வயதை மீட்டர் சொல்லாது

ஓய்வு பெற்றவனை வழியில் நிறுத்துகிறவர்கள் பொதுவாகப் பையன் எங்கே இருக்கிறான் என்றோ சர்க்கரை எவ்வளவு என்றோதான் கேட்பார்கள். என்னிடம் மட்டும் இந்த நெய்வேலி நகரியத்தில் வேறொரு கேள்வி கேட்கப்படுகிறது. காலை நடையில் ஒருவர், கோயில் வாசலில் ஒருவர், சென்ற வாரம் பல் மருத்துவரே, அதுவும் என் வாயைத் திறந்து வைத்திருந்த நிலையில்: "ஆட்டோமேட்டிக் வண்டிக்கு கியர் ஆயில் மாத்தணுமா சார்? ஆயுசுக்கும் வேணாம்னு விக்கும்போது சொன்னாங்களே?"

காரணம் எளிது. முப்பது வருடம் சைக்கிளில் ஷிப்டுக்குப் போனவர்கள் முட்டி தேய்ந்த பிறகு கார் வாங்குகிறார்கள். முட்டி தேய்ந்துவிட்டதால் கிளட்ச் இல்லாத காராகப் பார்த்து வாங்குகிறார்கள். இப்போது எங்கள் பிளாக்கில் மரத்தடிக்கு ஒரு ஆட்டோமேட்டிக் நிற்கிறது.

இந்த நேரம் பார்த்து, ஓய்வு பெற்றோர் சங்க மலருக்கு ஓர் அனுபவக் கட்டுரை வேண்டுமென்று செயலாளர் வந்தார். சுரங்கத்துக்குள் மழைவெள்ளம் புகுந்த அந்த வாரத்தைப் பற்றி எழுதுங்கள் என்றார். எழுதலாம். ஆனால் அந்த வாரம் முழுக்க நான் அம்மைக்கட்டு வந்து, கன்னத்தில் பற்றுப் போட்டுக்கொண்டு குவார்ட்டர்ஸில் படுத்திருந்தேன். அதை அனுபவம் என்று சொன்னால் சுரங்கத்தில் நிஜமாகவே இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவர்கள் மலரோடு என்னையும் கிழிப்பார்கள். எனவே எனக்கு உரிமையுள்ள ஒரே அனுபவத்தை எழுதுகிறேன். அது ஓர் எண்ணெயைப் பற்றியது. வெற்றிக் கதைதான். அந்த வெற்றிக்காக எனக்கு மெமோ கிடைத்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சுரங்கத்தைப் படம் எடுக்கிறவர்கள் எல்லாம் மண்ணை வெட்டும் அந்த ராட்சதச் சக்கர இயந்திரத்தைத்தான் எடுப்பார்கள். அது நகர்வதற்கு மண்ணைச் சமன் செய்து கொடுப்பது டோசர். அந்த டோசரின் அடியில் மல்லாந்து கிடந்தவன் நான். அப்ரண்டிஸாகச் சேர்ந்து, மெக்கானிக்காகி, ஃபோர்மேன் ஆனேன் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். இருபத்தெட்டு வருடம் முகத்தில் எண்ணெய் சொட்டியதை மட்டும் வாசகர் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சுரங்கத்தில் கிலோமீட்டருக்கு மரியாதை கிடையாது. ஒரு டோசர் நாள் முழுக்க உழைத்தாலும் நான்கு பனைமர தூரத்தைத் தாண்டாது. அதனால் எங்கள் இயந்திரங்களில் இருப்பது மணி மீட்டர். இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது, அவ்வளவுதான் கணக்கு. டோசரின் டிரான்ஸ்மிஷன் எண்ணெயை ஆயிரம் மணிக்கு ஒரு முறை மாற்றுவோம். கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவோம். புதிதாக வருகிறவர்களிடம் நான் இதைப் பற்றி நீண்ட பிரசங்கம் செய்வது வழக்கம். அவர்கள் கொட்டாவி விடுவதும் வழக்கம்.

ஆரம்பத்தில் நானும் ஒரு தவறு செய்தேன். இன்ஜினை நிறுத்திவிட்டு, மண் சுமக்கும் டம்பர் லாரியின் கியர் எண்ணெய் அளவைப் பார்த்தேன். அளவுக் குச்சியில் கோடு வரை நின்றது. 'சரி' என்று கையெழுத்துப் போட்டேன். இன்ஜின் நின்றதும் உள்ளே சுற்றிக்கொண்டிருந்த எண்ணெய் எல்லாம் கீழே இறங்கி வந்து நிற்கும், அதனால் அளவு கூடுதலாகத் தெரியும் என்பது பாடத்தில் இருந்தது. பாடத்தில் நான் இல்லை. ஓடும்போது எண்ணெய் போதாமல், முழு லோடோடு, சுரங்கத்திலிருந்து மேலேறும் சரிவுப் பாதையான ரேம்ப்பின் நடுவில் டம்பர் நின்றது. அதன் பின்னால் ஒன்பது டம்பர்கள் நின்றன. ஒன்பது ஓட்டுநர்களும் இறங்கி வந்து என் பெயரை விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள்.

பிறகு முதுகுத் தட்டு நழுவியது. மல்லாந்து படுக்க முடியாத மெக்கானிக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நகரிய வாகனப் பிரிவுக்கு மாற்றினார்கள். கார்களும் ஜீப்புகளும் ஆம்புலன்ஸும் நிற்கிற ஷெட். மேசை, நாற்காலி, பதிவேடு. வாழ்க்கையில் முதல் முறையாக வெள்ளைச் சட்டை போட்டேன். மூன்றாம் நாள் பழக்கதோஷத்தில் அதிலேயே கையைத் துடைத்தேன்.

அங்கே எனக்கு மேலதிகாரி கோயம்புத்தூர்க்காரர். என்னைவிடப் பத்து வயது சிறியவர். ஒல்லி. குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அவர் உட்கார்ந்தும் யாரும் பார்த்ததில்லை. எந்தக் கோப்பையும் நின்றபடியே, சன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துப் படிப்பார். யார் எதைச் சொன்னாலும் கடைசிச் சொல் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே பதில் சொல்வார்: "அப்படிங்களா? எழுதிக் குடுத்துருங்க." ஷெட்டில் பாம்பு வந்துவிட்டது என்று ஒருவன் ஓடி வந்தபோதும் அதையேதான் சொன்னார் என்பார்கள். பாம்பு சம்பவத்துக்கு நான் சாட்சி இல்லை, ஆனால் நம்புகிறேன். எழுதச் சொன்னால் பாதிப் பேர் எழுத மாட்டார்கள். மீதிப் பேர் எழுதும்போது பொய்யைக் குறைத்துக்கொள்வார்கள். அவருடைய நிர்வாகம் இந்த இரண்டு உண்மைகளின் மேல் நின்றுகொண்டிருந்தது.

அந்த ஷெட்டில் ஒரே ஒரு ஆட்டோமேட்டிக் கார் இருந்தது. ஏழு பேர் உட்காரும் வெள்ளை வண்டி. விருந்தினர் மாளிகைக்கு வரும் பெரிய மனிதர்களை ஏற்றி, சுரங்கத்தைச் சுற்றிக் காட்டி, திரும்பக் கொண்டுவந்து விடுவது அதன் வேலை. பெர்மனெண்ட் ஓட்டுநர்கள் யாரும் அதைத் தொட மாட்டார்கள். கியர் போடாமல் ஓட்டுவது ஓட்டுவதில்லை என்பது அவர்கள் கொள்கை. கொள்கையை வகுத்தவர் கோவிந்தன். ஷெட்டின் மூத்த ஓட்டுநர். மீசை பெரிது, அனுபவம் அதைவிடப் பெரிது. "கையில கியரு இல்லன்னா அது வண்டி இல்ல, ஊஞ்சல்" என்பார்.

அதனால் ஊஞ்சல் கலைச்செல்வியிடம் போயிற்று. ஒப்பந்தத்தில் வந்தவர், ஷெட்டின் முதல் பெண் ஓட்டுநர், ஊர் திருவதிகை. அதற்கு முன் பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழ லோடு ஏற்றிய மினி வேனை நான்கு சீசன் ஓட்டியவர். அந்த லோடை வைத்துக்கொண்டு பிரேக் போடத் தெரிந்தவருக்கு உலகத்தில் எந்த வண்டியும் பெரிதில்லை. பேச்சு குறைவு. எதையும் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. மற்ற ஓட்டுநர்கள் டிரிப் ஷீட்டில் கிலோமீட்டரை மட்டும் எழுதிவிட்டுக் குறிப்புக் கட்டத்தில் ஒரு கோடு இழுப்பார்கள். இவர் அந்தக் கட்டத்தில் பொடி எழுத்தில் ஏதோ எழுதுவார். அது என்ன என்று நான் இரண்டு வருடம் படித்ததில்லை. வாரந்தோறும் அவற்றில் கையெழுத்து மட்டும் போட்டேன்.

ஒரு நாள் காலை அந்த வண்டி ரிவர்ஸ் எடுக்க யோசித்தது. லீவரைப் பின்னால் தள்ளி மூன்று எண்ணும் வரை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு 'டொக்' என்று ஓர் உதையோடு நகர்ந்தது. கலைச்செல்வி அன்றே என்னிடம் வந்து சொன்னார். பார்க்கலாம் என்றேன். இரண்டு வாரத்தில் மெதுவாகப் போகும்போது வண்டி முழுக்க நடுக்கம் வந்தது, கற்கள் பாவிய சாலையில் போவது போல. கடைசியில் ஒரு விருந்தினரோடு சுரங்க ரேம்ப்பில் ஏறும்போது இன்ஜின் மட்டும் கத்தியது, வண்டி நகரவில்லை. விருந்தினர் இறங்கி ஜீப்பில் போனார். அவர் இறங்கிய இடத்தில் செம்மண் சேறு. இந்த விவரம் மேலே வரை போயிற்று.

வெளியூர் மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். கியர்பாக்ஸ் முடிந்தது, முழுசாக மாற்றுங்கள் என்றார். எதனால் என்று கேட்டதற்கு, ஓட்டுநர் கையில் இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பொதுவை கோவிந்தன் தெளிவாக்கினார். மேலதிகாரியின் முன்னாலேயே சொன்னார்.

"ரெண்டு காலயும் வச்சிக்கினு ஓட்டுது சார் அது. வலது கால் ஆக்சிலேட்டர்ல, இடது கால் பிரேக்குல. ரெண்டயும் சேத்து மெறிச்சிக்கினே போனா எந்த கியர்பாக்ஸ் தாங்கும்? லேடீஸ் எல்லாம் அப்பிடித்தான் சார் ஓட்டுவாங்க."

சொன்னது தொழில்நுட்ப ரீதியாகத் தப்பில்லை. இரண்டு காலால் ஓட்டினால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் நிஜமாகவே எரிந்துபோகும். அதனால்தான் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. மேலதிகாரி என்னைப் பார்த்தார். "காரணம் என்னன்னு நீங்க எழுதிக் குடுத்துருங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள."

நான் எழுதுகிற காரணம் 'ஓட்டுநரின் தவறான பயன்பாடு' என்றால், ஒப்பந்தக்காரர் அன்றைக்கே கலைச்செல்வியை நிறுத்திவிடுவார். அந்தக் காகிதம் ஊரெல்லாம் போகும். பிறகு இந்தப் பக்கத்தில் யாரும் அவர் கையில் ஸ்டியரிங் கொடுக்க மாட்டார்கள், பலாப்பழ வேன் உட்பட. அவருக்கும் இது தெரியும். என் மேசைக்கு எதிரே வந்து நின்றார்.

"நான் ஒத்த கால்லதான் சார் ஓட்டிக்கினு இருக்கேன். மொத நாளே புத்தகத்த படிச்சிப் பாத்துட்டேன். எடது காலு செருப்ப கழட்டி ஓரமா வச்சிட்டுதான் வண்டிய எடுப்பேன். நீங்க யார வேணா கேளுங்க."

யாரைக் கேட்பது? பின்சீட்டுப் பெரிய மனிதர்கள் ஓட்டுநரின் காலைப் பார்ப்பதில்லை. எண்ணெயைக் கேட்கலாம் என்று முடிவு செய்தேன்.

இங்கே ஒரு நிமிடம் எண்ணெயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், பல் மருத்துவரும் இதைப் படிப்பார். சாதாரண வண்டியில் கியர் எண்ணெய் பல்சக்கரத்தை வழுக்க வைத்தால் போதும். ஆட்டோமேட்டிக்கில் அந்த எண்ணெய் ஒரு கூட்டுக் குடும்பத்து மருமகள். இன்ஜின் சக்தியை டார்க் கன்வெர்ட்டர் வழியாகச் சக்கரத்துக்குக் கடத்துவது அது. கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடித்து கியர் மாற்றுவது அது. சூட்டை வெளியே கொண்டுபோவதும் தேய்மானத் தூளைச் சுமப்பதும் அதுவே. எல்லா வேலையையும் செய்வதால் வீட்டில் யாருக்கும் அது இருப்பதே தெரியாது. சூடு ஏற ஏற அது கெடும். கெட்ட எண்ணெய் பிளேட்டைச் சரியாகப் பிடிக்காது. பிடிக்காத பிளேட் வழுக்கும், வழுக்கினால் இன்னும் சூடு. இந்தச் சக்கரம் ஒரு முறை சுற்றத் தொடங்கிவிட்டால் பிறகு அது நம்மைக் கேட்காது.

வண்டியை அரை மணி ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தினேன். இன்ஜினை ஓடவிட்டபடி, பிரேக்கில் காலை வைத்து, லீவரை ஒவ்வொரு நிலையிலும் இரண்டு நொடி வைத்து மறுபடி பார்க்கிங்குக்குக் கொண்டுவந்தேன். (ரேம்ப்பில் நின்ற ஒன்பது டம்பர்களுக்கு நன்றி.) குச்சியை உருவி, நூல் பிரியாத துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். பஞ்சு வேஸ்ட்டால் துடைக்கக் கூடாது. ஓர் இழை உள்ளே போனால் உள்ளே இருக்கும் ஊசித் துவாரத்துக்கு அது கயிறு. வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு வைத்தேன். மாதுளைச் சாறு போல இருக்க வேண்டியது காபி டிக்காஷன் நிறத்தில் இருந்தது. அளவும் கொஞ்சம் குறைவு. முகர்ந்தேன். தீய்ந்த முறுக்கு.

எண்ணெய் எரிந்திருக்கிறது. ஏன்? மீட்டரைப் பார்த்தேன். ஐந்து வருடத்தில் இருபத்தொன்பதாயிரம் கிலோமீட்டர். கையேட்டைத் திறந்தேன். எண்பதாயிரத்தில் மாற்றவும் என்று போட்டிருந்தது. எண்பதாயிரம் போகவேண்டிய எண்ணெய் இருபத்தொன்பதில் கருகினால் யாரோ கருக்கியிருக்கிறார்கள். கோவிந்தன் சொன்னதுதான் மிச்சம். நான் காகிதத்தை எடுத்து 'மேற்படி வாகனத்தின்' என்று தொடங்கிவிட்டேன். அறிக்கைகள் எல்லாம் 'மேற்படி'யில்தான் தொடங்கும். பெரும்பாலானவை அங்கேயே தப்புப் பண்ணிவிடும்.

ஓட்டுநர் எத்தனை நாள் ஓட்டினார் என்று குறிப்பிட வேண்டியிருந்தது. அதற்காக டிரிப் ஷீட் கட்டைப் பிரித்தேன். அப்போதுதான் அந்தப் பொடி எழுத்தை முதல் முறையாகப் படித்தேன்.

'காலை 9.10 முதல் 11.40 வரை ஆபீஸ் வாசலில் வெயிட்டிங். ஏசி ஆனில் வைக்கச் சொன்னார்கள்.' 'ரேம்ப்பில் தண்ணி லாரி பின்னாடி ஊர்ந்து போனது 50 நிமிஷம்.' 'சுரங்கம் மூணு ரவுண்டு. இன்ஜின் ஆஃப் பண்ணவில்லை, மொத்தம் 4 மணி. 19 கி.மீ.' தினமும் இப்படி. இரண்டு வருடம்.

கூப்பிட்டு, இதையெல்லாம் எதற்கு எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"ஏதாச்சும் ஒண்ணு ஆச்சின்னா என்னத்தான சார் மொதல்ல கேப்பாங்க? அதான் எழுதி வச்சிக்கினு வரேன். நீங்கதான் வாரா வாரம் கையெழுத்து போட்டீங்களே."

ஆம், போட்டேன். கால்குலேட்டரை எடுத்துக் கூட்டினேன். அவர் ஓட்டிய இரண்டு வருடத்தில் மீட்டரில் ஏறியது பதினோராயிரம் கிலோமீட்டர். இன்ஜின் ஓடியது ஆயிரத்து ஐந்நூறு மணிக்குக் கொஞ்சம் மேல். அதாவது மணிக்கு ஏழு கிலோமீட்டர். ரிங் ரோட்டில் நடக்கிற சர்க்கரை நோயாளி இதைவிடக் கொஞ்சம்தான் மெதுவாகப் போவார். அவருக்கு முந்தைய மூன்று வருடத்தில் குறிப்புக் கட்டத்தில் வெறும் கோடு. ஆனால் விருந்தினர்கள் அப்போதும் இதே வெயிலில்தான் வந்தார்கள், இதே ரேம்ப்பில்தான் ஊர்ந்தார்கள்.

டோசருக்கு ஆயிரம் மணிக்கு ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு எண்ணெய் மாற்றியவன் நான். இது கார் உடுப்புப் போட்ட டோசர். அதே சுரங்கம், அதே புழுதி, அதே ரேம்ப். நெய்வேலியில் ஏற்றம் என்று ஒன்று வேண்டுமானால் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறினால்தான் உண்டு. அந்த ஒரே ஏற்றத்தில்தான் இந்த வண்டி தினமும் ஊர்ந்தது. கையேட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அங்கே பொடி எழுத்தில் இருந்தது: ஊர்ந்து ஓட்டுதல், நீண்ட நேரம் நின்றபடி இன்ஜின் ஓடுதல், புழுதி, கடும் வெயில், சரிவு ஆகியவை இருந்தால் பாதித் தூரத்தில் அல்லது நான்கு வருடத்தில், எது முந்துகிறதோ அதில் மாற்றவும். இரண்டு வருடமாக நான் படிக்காமல் விட்டவை எல்லாம் பொடி எழுத்தாகவே இருந்தன.

பிறகு பராமரிப்புப் பதிவேட்டை எடுத்தேன். நான்காம் வருட சர்வீஸ், டிரான்ஸ்மிஷன் எண்ணெய்: 'தேவையில்லை. கி.மீ. ஆகவில்லை.' ஐந்தாம் வருட சர்வீஸ்: 'தேவையில்லை. கி.மீ. ஆகவில்லை.' இரண்டிலும் கீழே கையெழுத்து. பெரிய கையெழுத்து. அடியில் இரண்டு புள்ளிகள் வேறு. இளமையில் அது கம்பீரம் என்று நினைத்துப் பழகியது.

ஆக, கியர்பாக்ஸைக் கருக்கியது ஓட்டுநரின் இடது கால் இல்லை, என் வலது கை. இதை எழுதினால் என் பணிக்காலத்தின் கடைசி வருடத்தில் பதிவேட்டில் கறை. எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாது. நான் நிறையப் படித்தவன், நூலகத்தில் ஒரு அலமாரி என் ரேகையால் அழுக்கானது. மனச்சாட்சியோடு போராடுகிற நாயகர்கள் நூறு பக்கம் போராடுவதைப் படித்திருக்கிறேன். எனக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆயிற்று. அதற்குக் காரணம் என் உயர்வு இல்லை. டீக்கடையிலிருந்து பார்த்தபோது கலைச்செல்வி, ஓடாத அந்த வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பறிபோகப் போகிற வண்டியைத் துடைக்கிற ஒருத்தியைப் பார்த்துக்கொண்டே 'மேற்படி' எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

மேலதிகாரி என் இரண்டு பக்கத்தையும் நின்றபடி படித்தார். சன்னலுக்குச் சாய்த்து, பதிவேட்டை ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இந்தக் கையெழுத்து உங்களுதுங்களா?"

"ஆமாங்க சார்."

"ரெண்டும்?"

"ரெண்டும்."

பதிவேட்டை மூடினார். பிறகு, "கியர்பாக்ஸ் போயிருச்சுங்கறது உறுதிதானுங்களா?" என்றார். திறந்து பார்க்காமல் உறுதி இல்லை என்றேன். மூன்று நாள் கொடுத்தார். முடித்துவிட்டு எழுதிக் கொடுத்துவிடச் சொன்னார்.

அடியில் படுக்க எனக்கு முதுகு இல்லை. வண்டியைப் பள்ளத்தின் மேல் ஏற்றி, நான் பள்ளத்தில் நின்றேன். கோவிந்தன் மேலே நின்று பழைய எச்சரிக்கையை விட்டார்: கெட்ட எண்ணெயில் ஓடிப் பழகின கியர்பாக்ஸில் புது எண்ணெய் ஊற்றினால் இருக்கிற பிடிப்பும் போய்விடும். அது முழுப் பொய்யில்லை. பிளேட்டுகள் முற்றிலும் தேய்ந்திருந்தால், எண்ணெயில் மிதக்கும் தூள்தான் கடைசிப் பிடிப்பாக இருக்கும். எனவே ஊற்றுவதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். எண்ணெய் தேங்கி நிற்கும் அடித்தட்டான சேம்பரைக் கழற்றி இறக்கினேன். எண்ணெயை வடித்துவிட்டு, அடித்தட்டில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து விரலால் தேய்த்தேன். அதில் சில்லுகள் இருந்தால் எல்லாம் முடிந்தது, கியர்பாக்ஸும் என் அறிக்கையும்.

சாம்பல் நிறப் பசை. விபூதியைக் குழைத்தது போல மழமழவென்று இருந்தது. ஒரு சில்லு இல்லை. அது நியாயமான தேய்மானம். பள்ளத்திலிருந்தே கலைச்செல்வியிடம் விரலை நீட்டிக் காட்டினேன். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லதா சார்?" என்றார். நல்லது என்றேன். அந்தப் பசையை நான் நெற்றியில் இட்டுக்கொள்ளாதது ஒன்றுதான் பாக்கி.

ஸ்டோரில் டோசருக்கான சிவப்பு எண்ணெய் பேரல் பேரலாக இருந்தது. இதுவும் சிவப்பு, அதுவும் சிவப்பு, எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். குங்குமமும் மிளகாய்த் தூளும்கூடச் சிவப்புதான். கையேடு சொன்ன ரகத்தைக் கடலூரிலிருந்து வரவழைத்தேன். அதில் ஒரு நாள் போயிற்று.

வடிகட்டியை மாற்றி, காந்தத்தைத் துடைத்து, புது கேஸ்கெட் வைத்து சேம்பரை மாட்டினேன். வெளியே வந்ததை அளந்து அதே அளவு உள்ளே ஊற்றினேன். குறைவாக நின்ற அளவைக் குச்சி பார்த்துப் பிறகு சரிசெய்தேன். கலைச்செல்வி புனலைப் பிடித்தார். இப்படி வடித்தால் பாதி எண்ணெய்கூட வராது. மீதி டார்க் கன்வெர்ட்டரின் வயிற்றில் இருக்கும். இயந்திரத்தை வைத்து அழுத்தி மொத்தமாகக் கழுவலாம். ஆனால் இத்தனை நாள் கவனிக்காமல் விட்ட பெட்டியில் அது அடியில் படிந்த கசடை எல்லாம் கிளப்பி ஊசித் துவாரங்களில் கொண்டுபோய் அடைக்கும். எனவே ஊற்றி, ரிங் ரோட்டில் இரண்டு சுற்று ஓட்டி, மறுபடி வடித்து, மறுபடி ஊற்றினேன். மூன்று முறை. முதல் முறை வந்தது டிக்காஷன். இரண்டாம் முறை டீ. மூன்றாம் முறை மாதுளை தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை மேலதிகாரி வந்தார். இன்ஜின் குளிர்ந்து கிடந்தது, ரிவர்ஸ் யோசிக்கிற நேரம் அதுதான். கலைச்செல்வி ஏறப்போனார். மேலதிகாரி கை காட்டி நிறுத்தினார். "இருங்கம்மா. முதல்ல கோவிந்தன் ஓட்டட்டும். தப்பு எதுன்னு சொன்னவரு சரி எதுன்னும் காட்டணுமில்லீங்களா?"

கோவிந்தன் மீசையைத் தடவிக்கொண்டு ஏறினார். நானும் மேலதிகாரியும் பின்னால் உட்கார்ந்தோம். ரிவர்ஸ் உடனே பிடித்தது. எண்ணவே நேரமில்லை. நான் உள்ளுக்குள் ஒரு குதி குதித்தேன். பிறகு டிரைவில் போட்டுப் பத்தடி போனார். முப்பது வருடப் பழக்கம் அவருடைய இடது காலுக்குள் விழித்துக்கொண்டது. கியர் மாற்றுகிற நேரம் வந்துவிட்டதென்று அது நம்பியது. கிளட்ச்சைத் தேடி இறங்கியது. அங்கே அகலமான பிரேக் மட்டுமே இருந்தது. முழு பலத்தோடு மிதித்தது.

மேலதிகாரியின் மூக்குக்கண்ணாடி முன்சீட்டுக்குப் போயிற்று. என் முதுகுத் தட்டு தன் பழைய இடத்துக்குத் திரும்பியதாகக்கூட உணர்ந்தேன். மேலதிகாரி குனிந்து கண்ணாடியை எடுத்து, துடைத்து, போட்டுக்கொண்டு சொன்னார்:

"கோவிந்தன், இப்ப எந்தக் காலுன்னு எழுதிக் குடுத்துருங்க."

பிறகு கலைச்செல்வி ஏறினார். இடது செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சுரங்கத்துக்குள் இறங்கினோம். திரும்ப ரேம்ப்பில் ஏறும்போது, ஏற்பாடு செய்தது போல் முன்னால் ஒரு தண்ணி லாரி. நடைவேகத்தில், சேற்றில், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். இந்த இடத்தில்தான் வண்டி நடுங்கும். நான் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். நடுங்கவில்லை. முன்பு விருந்தினர் இறங்கிய இடத்தில் லாரி முழுசாக நின்றது. நாங்களும் சரிவில் நின்றோம். லாரி நகர்ந்தது. கலைச்செல்வி வலது காலைப் பிரேக்கிலிருந்து எடுத்து ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்தினார். பாலில் ஆடை நகர்வது போல வண்டி மேலே போயிற்று. உச்சியில் ஓரங்கட்டி நிறுத்தி, பார்க்கிங்கில் போட்டு, டிரிப் ஷீட்டை எடுத்துப் பொடி எழுத்தில் எழுதத் தொடங்கினார். மேலதிகாரி கையை நீட்டி அதை வாங்கினார். 'ஓட்டுநர் குறை எதுவும் இல்லை. வண்டி நன்றாக இருக்கிறது' என்று குறிப்புக் கட்டத்தில் தானே எழுதி, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் உட்கார்ந்து எழுதியதை நான் பார்த்தது அன்று ஒரு முறைதான்.

அடுத்த வாரம் எனக்கு மெமோ வந்தது. பராமரிப்பில் கவனக்குறைவு. நியாயமான மெமோ, என் அறிக்கையிலிருந்தே வாக்கியங்களை எடுத்து எழுதியிருந்தார்கள், நடை நன்றாக இருந்தது. பெற்றுக்கொண்டதற்கு இரண்டு புள்ளிகளோடு கையெழுத்துப் போட்டேன். அதே வாரம் ஷெட்டின் எல்லா டிரிப் ஷீட்டிலும் 'இன்ஜின் ஓடிய மணி' என்று ஒரு கட்டம் சேர்ந்தது. முப்பத்து நான்கு வருட உழைப்பில் நிறுவனத்துக்கு நான் விட்டுச் சென்ற ஒரே நினைவுச்சின்னம் அந்தக் கட்டம்தான். அதுவும் கலைச்செல்வியிடமிருந்து திருடியது.

ஆகவே மரத்தடி ஆட்டோமேட்டிக்காரர்களுக்குச் சொல்கிறேன். ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று விற்கிறவர் சொன்னால், யாருடைய ஆயுசு என்று கேளுங்கள். கையேட்டின் அடுத்த பக்கத்தைப் படியுங்கள். உங்கள் வண்டி பிளாக்கிலிருந்து மார்க்கெட்டுக்கும் மார்க்கெட்டிலிருந்து கோயிலுக்கும் வேகத்தடை வேகத்தடையாக ஊர்கிறது; வீட்டம்மா திரும்பும் வரை ஏசியோடு நிற்கிறது. அது சுலபமான வாழ்க்கை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எண்ணெயிடம் கேட்டால் வேறு சொல்லும். கையேடு சொல்லும் தூரத்தில் பாதிக்கே மாற்றுங்கள்; அதுவும் ஆகாவிட்டால் நான்கு வருடத்தில் மாற்றுங்கள். ஏற்கெனவே வழுக்கத் தொடங்கியிருந்தால் காந்தத்தைப் பார்க்காமல் மாற்றாதீர்கள். சந்தேகம் இருந்தால் வழியில் என்னை நிறுத்துங்கள். பல் மருத்துவர் மட்டும் முதலில் என் வாயை மூடவிட்டுக் கேட்கவும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில நாள் முன்பு ஷெட்டுக்குப் புதிதாக ஆறு கார்கள் வந்தன. ஆறும் ஆட்டோமேட்டிக். அவற்றில் ஒன்றை கோவிந்தன் பெயருக்கு எழுதியிருந்தார்கள். இரண்டு நாள் அவர் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மதியம், ஷெட்டில் ஆள் குறைந்த நேரம் பார்த்து, கலைச்செல்வி வண்டி துடைத்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் நின்றார். நான் பதிவேட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன், காதை மட்டும் நிமிர்த்தி.

"ஏம்மா," என்றார் கோவிந்தன், குரலை இறக்கி. "இந்த எடது காலு… அத எங்க வச்சிக்கணும்?"

கலைச்செல்வி துணியைப் பிழிந்து உதறினார். முகத்தில் சிரிப்பு வராமல் பார்த்துக்கொண்டார். அதற்கு அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

"எங்கயும் வச்சிக்க வேணாங்கண்ணே. சும்மா வுட்டுடுங்க, அது பாட்டுக்கு கெடக்கட்டும். வாங்க, ஏறுங்க. நான் பக்கத்துல ஒக்காந்துக்கினு வரேன்."